ஏழாம் அலைவரிசை

செவ்வாய், வடசமவெளி நிலையம். எழுதுவது கணினிப் பொறியாளர் பெனிட்டா.

நாள் 83, 06:10
எல்லாம் சீர். ரிஃபாய் பாறை எடுக்க ஊர்தியில் கிளம்பிவிட்டான். இங்கே நான் மட்டும். கடிகாரம் உலகப் பொது நேரத்தையே காட்டி எரிச்சலூட்டியது. .bash_profile என்று புதுக் கோப்பு தொடங்கி, இந்திய நேரத்தை அதில் எழுதி, கணினியை அணைத்துப் போட்டேன். திரையில் ஊர் நேரம். சின்ன விஷயம்தான், சந்தோஷமாக இருக்கிறது.

09:45
புழுதிப் புயல். துணைக்கோள் வழியாக ரிஃபாய்: "பெனிட்டாக்கா, பீக்கன் கேக்கல. கை நீட்டுனா கை தெரியல. காத்து ஆறு மணி நேரத்துக்குத்தான் இருக்கு."

நிலையத்திலிருந்து போகும் பீக்கன் அலைதான் அவனுக்குத் திசை. ஏழாம் அலைவரிசையில் போக வேண்டியது ஒன்றாம் அலைவரிசையில் போகிறது; ஊர்திக்கு ஏழு மட்டுமே கேட்கும். ஊர்தி 19 கிலோமீட்டரில் நிற்கிறது.

10:20
அலைவரிசை எண்ணை .bashrc கோப்பில் எழுதினேன். புது டெர்மினல் திரை திறந்து, கட்டளை அடித்துப் பார்த்தேன்: ஏழு. கணினியை மறுபடி கிளப்பியிருக்கிறேன். துணைக்கோள் மறையப்போகிற அவசரத்தில், "சரியாயிட்டு, கிளம்பு, வழியில கேக்கும்" என்றேன்.

"நீங்க சொன்னா போதும்க்கா."

11:05
பீக்கன் மறுபடி ஒன்றாம் வரிசையிலேயே போகிறது. முட்டாள் நான். டெர்மினல் திறந்தால்தான் .bashrc படிக்கப்படும். பீக்கன் கிளம்புவது கணினி தானே லாகின் ஆகும்போது. அது அந்தக் கோப்பின் பக்கமே போகாது. துணைக்கோள் மறைந்துவிட்டது, அவனை நிறுத்தச் சொல்ல வழியில்லை.

12:50
லாகின் படிக்கும் பொதுக் கோப்பு /etc/profile, அதில் எண் இல்லை. .profile கோப்பில் இருக்கிறது! வந்த முதல் வாரமே ரிஃபாய் எழுதி வைத்தது. பிறகு ஏன் எடுபடவில்லை?

லாகின் முதலில் .bash_profile தேடும். கிடைத்தால் அதோடு சரி, .profile பக்கம் திரும்பாது. காலையில் அதைத் தொடங்கியது யார்? நான்தான். ஒரு கடிகாரத்துக்காக.

12:58
.profile கோப்பையும் படிக்கும்படி என் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். மறுபடி கிளப்பினேன்.

13:25
ஏழாம் வரிசை. துணைக்கோளும் வந்துவிட்டது. ஊர்தியின் தானியங்கிப் பதில்: தூரம் 44 கிலோமீட்டர். மூன்று மணி நேரமாக நேர் எதிர்த்திசையில் ஓட்டியிருக்கிறான். மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் அது போகாது. காற்று இன்னும் இரண்டு மணி இருபது நிமிடத்துக்குத்தான்.

"அக்கா! பீக்கன் கேக்குது, சும்மா கணீர்னு கேக்குது! வண்டியத் திருப்பிட்டேன். எவ்ளோ தூரம் காட்டுது?"

13:31
மறுபடி கேட்கிறான்.