நூற்று நாற்பது மூட்டைக்கான படம்

மட்டாஞ்சேரி,
9-8-1987

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு அண்ணா எழுதுவது. நானும் உன் மன்னியும் சௌக்கியம். பம்பாயில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

குழம்பாமல் இருக்க முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. நாணுவுக்கு நேர்ந்தது.
2. என் புரோகிராமிலிருந்து நீ நீக்கிய எச்சரிக்கை.
3. நீ எழுதித் தர வேண்டியது.

நாணு கொச்சங்காடிக் கிடங்கின் வள்ளக்காரன். போன வாரம் வல்லார்பாடம் பக்கம் அவன் வள்ளம் கவிழ்ந்து, சுமை ஏற்றும் பிச்சைமணி மூழ்கிப்போனான். நாணு போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான். கிடங்குக் கம்ப்யூட்டரில் நீ விற்ற புரோகிராமைப் பார்த்து அவன் ஏற்றியது நூற்று நாற்பது மூட்டைதான். “பெட்டியை நோக்கிண்டே நின்னாராம் ஸ்வாமி, வேண்டாம்னு அது பறயலியாம்” என்று அவன் மனைவி கமலாக்ஷி வந்து அழுதாள். கிடங்கு முதலாளியோ, “மெஷினுக்குத் தப்பு வராது ஸ்வாமி, அவன் களவா கூடுதல் கயற்றினான்” என்று, நாணு அதிகம் ஏற்றியதாகச் சாதிக்கிறார்.

நான் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது வெறும் மாதிரி. மூட்டை எண்ணிக்கையைக் கொடுத்தால் வள்ளம் எவ்வளவு அமிழும் என்று படம் வரும். பாரம் மிஞ்சினால் சிவப்பில் ‘இறக்கு’ என்று நான்கு விநாடி நிற்கும். நூற்று நாற்பதுக்கே அது வந்திருக்க வேண்டும். நீ அதைக் கம்பைல் செய்து, அதாவது மெஷின் மொழிக்கே மாற்றி, பேசிக் இல்லாமல் தனியாக ஓடும்படி ஆக்கி, உன் பெயரில் விற்றாய். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் எச்சரிக்கையை ஏன் எடுத்தாய்? வாங்குபவர் மிரள்வார் என்றா?

நூற்று நாற்பதை உன் புரோகிராம் தடுக்கவில்லை என்று கம்பெனித் தாளில் எழுதி அனுப்பு.

இதுவரை நேற்று எழுதியது. உன்னைக் குற்றம் சொல்லுமுன் சரிபார்க்க இன்று கிடங்குக்குப் போனேன். நூற்று நாற்பது என்று தட்டினேன். படம் வந்தது, உடனே அடுத்த கேள்வி. ஐந்தாம் தடவை இமைக்காமல் பார்த்தபோது சிவப்பாக ஏதோ மின்னி மறைந்தது.

வீட்டுக்கு வந்து நான் எழுதிய வரிகளைப் பார்த்தேன். எச்சரிக்கை திரையில் நிற்பதற்காக, மூவாயிரம் வரை சும்மா எண்ணும்படி எழுதியிருந்தேன். என் மெஷின் எண்ணி முடிக்க நான்கு விநாடி ஆகும். கம்பைல் செய்தபின் அதே எண்ணிக்கை பல மடங்கு வேகமாக ஓடி, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தும்வரை நில் என்று எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

விற்குமுன் பாரம் மிஞ்சிய கணக்கு ஒன்றையாவது நீ ஓட்டிப் பார்த்திருக்கலாம். இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா, தெரியவில்லை. வாங்கிய மற்றவர்களுக்கு இன்றே தந்தி அடி.

போலீஸுக்கு என் வாக்குமூலத்தை எழுதிவிட்டேன். இன்று ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நாளை கொடுப்பதாக இருக்கிறேன். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டேன் என்று இருபதாம் தேதிக்குள் என் தந்தி வராவிட்டால் நீயே அதை அனுப்பிவிடு.

நீயும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும். முதல் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதில் இரண்டாவதாக எழுதியது தவறு. நீ எதையும் நீக்கவில்லை.

உன் அண்ணா,
வெங்கிடராமன்