புற்றடியில் தூவிய சாம்பல்

ஜனவரி 9, வியாழன்

கோவையிலிருந்து மகள் ஷெர்லியின் போன். "அறுபத்தெட்டு வயசுல எம்.எஸ்சி. படிச்சு யாருக்கும்மா காட்டப் போற?" யாருக்கும் இல்லை. அவள் அப்பா படிக்க விடவில்லை என்றும் சொல்ல முடியாது. உயிரோடிருந்தவரை அவரிடம் நான் கேட்டதேயில்லை.

விலங்கியல் கடைசிப் பருவத்தின் களஆய்வு இன்று தொடங்கியது. இடம், மேலநீலிதநல்லூர் போகும் வழியில் சங்கரசுப்பு அண்ணாச்சியின் தரிசு. கறையான் விட்டுப்போன புற்றுகளில் இப்போது குடியிருப்பவை எவை என்பது கேள்வி. மாலையில் புற்றின் வாயைச் சுற்றிச் சாம்பல் தூவிவிட்டு, காலையில் போய்த் தடம் பார்க்க வேண்டும். மாவுச் சல்லடையில் சலித்தே தூவுகிறேன். கட்டி இருந்தால் தடம் உடைந்துவிடும்.

அங்கே ஆடு மேய்க்கும் மாடத்தி என்னை "டீச்சரம்மா" என்கிறாள். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவள் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. பயனில்லை.

ஜனவரி 17, வெள்ளி

ஆறாம் புற்றில் உடும்பு வாலை இழுத்துப்போன கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல. நாள் முழுவதும் சந்தோஷம்.

பிப்ரவரி 1, சனி

ஆலயப் பாடகர் குழு ஒத்திகை. ஆல்டோ குரலில் பாடுகிறவர்கள் மூன்று பேர். சுருதியில் நின்றது நான் ஒருத்திதான்.

முடிந்து செருப்பு மாட்டும்போது, கூடப் பாடும் ஜாய்லின் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க புத்துக்குத் திருநீறு போடுதீங்கன்னு பஸ்ல பேசிக்கிடுதாங்க. நான் இருக்காதுன்னுதான் சொன்னேன்."

"அது ஆய்வு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அந்த 'சரிக்கா' எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. புற்று. அதன் வாயில் சாம்பல். புற்றுமண்ணை நெற்றியில் இடுகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்று புற்றுகளில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். பக்கத்தில் முட்டை. சிரட்டையில் பால்.

முட்டைக்குக் கீரி வரும், காகம் வரும், நாயும் வரும். அவை குடியிருப்பவை அல்ல, விருந்தாளிகள். என் கணக்கு கெட்டுப்போயிற்று. ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இந்த வயதில் ஒரு வருஷம் என்பது... போதும், படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாலையில் போனால் தரிசில் ஜேசிபி நிற்கிறது. அண்ணாச்சி மனை போட்டு விற்கப் போகிறாராம். புற்றுகளை இடித்துத் தரையைச் சமப்படுத்தவேண்டுமாம். ஓட்டுநரோ கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, திருநீறும் மஞ்சளும் வச்ச புத்துல நான் கை வைக்க மாட்டேன். பிள்ளகுட்டிக்காரன்."

"ஏலே, அது சாமியில்லல. இந்தா, போட்டவங்களே வந்துட்டாங்க." என்னிடம் திரும்பினார். "எம்மா, நீங்களே சொல்லுங்க. அது திருநீறா, சாம்பலா? சாம்பல்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா இவன் வேலையப் பாப்பான்."

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், புற்றுகள் நிற்கும். ஆய்வும் பிழைக்கும். என்னைப் புற்று கும்பிடுகிறவள் என்று பேசட்டுமே. பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

முடியவில்லை. "அடுப்புச் சாம்பல்தான்" என்றேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஓட்டுநர் சிரித்தான். "அந்தம்மா வேதக்காரவுக, அண்ணாச்சி. அவுக வேற என்ன சொல்லுவாக?"

வண்டியில் ஏறினான், திருப்பினான், போயே போய்விட்டான். கிறிஸ்தவச்சி என்பதால் என் உண்மை எடுபடவில்லை. அவமானப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் நின்றேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மாடத்தி கூடவே வந்தாள். "முட்ட வச்சது ஆருன்னு நெனைக்கீய? நாந்தான். வீடு வந்துட்டா என் ஆடு எங்கன மேயும்?"

"உன் முட்டையால் என் கணக்கே கெட்டுப்போச்சு, மாடத்தி."

"முன்னமே சொல்லணும்லா டீச்சரம்மா. அந்த மூணோட நிறுத்திக்கிடுதேன். மத்ததுல வைக்கல. போதுமா?"

மார்ச் 3, திங்கள்

என் வழிகாட்டி ஜெய்னப் மேடத்தைப் பார்த்தேன். ஷெர்லியைவிட இளையவர். முட்டை விஷயத்தை ஏட்டில் எழுத வேண்டாம் என்பாரோ என்று பயந்துகொண்டேதான் போனேன். சொன்னால் நான் கேட்கவும் மாட்டேன், வம்பு.

கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்படியே எழுதுங்க, ஆன்ட்டி. முட்டை வச்ச புத்து தனி, வைக்காத புத்து தனி. ரெண்டையும் ஒப்பிடுங்க. நமக்குத் தோணாத சோதனைய மாடத்தியம்மா பண்ணிக் குடுத்துட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்."

வெளியே வந்து கல்லூரி கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன். இரண்டும் எண்ணெய். பரவாயில்லை.

மார்ச் 19, புதன்

அண்ணாச்சியை வழியில் பார்த்தேன். முகம் கொடுக்கமாட்டார் என்று நினைத்தேன். அவரே நின்று பேசினார். "புத்து நிக்க இடத்த விட்டுட்டு வடக்கே பிளாட் போட்டுக்கிடுதேன். பக்கத்துல சாமி இருந்தா மனைக்கு வெல கூடும்லா."

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. அட்டையில் என் பெயரில் ஒரு 't' குறைந்திருந்தது. பைண்டிங் கடைக்காரர் "யாரும் பாக்க மாட்டாங்கம்மா" என்றார். நான் பார்த்துவிட்டேனே. மறுபடி அடித்துக் கொடுத்தார்.

மே 14, புதன்

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடுகடுப்பானவர். நேராக அந்த மூன்று புற்றுகளுக்கே வந்தார். "ஏன் தனியாக வைத்தீர்கள்?" நடந்ததை நடந்தபடி சொன்னேன், ஜேசிபி உட்பட. பேனாவை மூடிவிட்டு, "இதைக் கட்டுரையாக எழுதுங்கள்" என்றார்.

முதல் வகுப்பு.

ஷெர்லியிடம் சொன்னேன்.  "ஸ்டேட்டஸ்ல போட்டுக்கிடட்டுமாம்மா?" என்றாள். போட்டுக்கொள், 'எம்.எஸ்சி.'க்குப் புள்ளிகளைச் சரியாக வை என்றேன்.

மே 17, சனி

நான் நட்ட எண் குச்சிகளைப் பிடுங்கி வரப் புறப்பட்டேன். அந்த இடத்துக்கு எப்போதும் பெயர் கிடையாது. மினிபஸ்ஸில் "தரிசுக்கிட்ட நிறுத்துங்க" என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வேண்டும். இன்று சொல்வதற்கு முன்பே கண்டக்டர் விசிலடித்தார்.

"புத்துக்கோயில் எல்லாம் எறங்கு."

கோயில் இல்லை என்று திருத்த வாயெடுத்தேன். பின்னால் ஒரு பெண் தேங்காய்ப் பையோடு இறங்க நின்றாள். வழிவிட்டு, நானும் இறங்கிக்கொண்டேன்.