டின் பட்டாணியும் வியாழன் சந்தையும்

கோத்தா திங்கி
1931 ஜூன் 4, வியாழன்

ஜொகூர் பாருக் கடையிலிருந்து பஸ்ஸில் சாமான் வந்தது. டின்பால், வெள்ளை அரிசி, முளைவிட்ட உருளைக்கிழங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி அனுப்பிய கத்தரி வற்றல் இன்னும் அரைச் சாக்கு கிடக்கிறது. அதைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. கலியாணமாகி இங்கே வந்து நாலு வருடம், பச்சையாக ஒரு இலை என் குசினிக்குள் வந்ததில்லை.

கீழே ஆற்றங்கரையில் வியாழன் சந்தை. சுற்றியிருக்கும் கம்பத்து ஊர்களிலிருந்து மலாய்ச் சனங்கள் சம்பான் வள்ளத்தில் கீரையும் பழமும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். அந்தச் சத்தம் மேட்டிலிருக்கும் இந்த வீடுவரை கேட்கிறது. நான் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடக்கிறேன். கந்தோர் கிளாக்கரின் பெண்சாதி சந்தைக்குப் போகக்கூடாதாம். சரி, இவராவது போவாரா? மாட்டார். இவருடைய தம்பி சபாபதி வயிற்றோட்டத்தில் செத்தது சந்தைக் கீரை தின்றதால்தான் என்று இவருக்கு முடிந்த முடிவு. மலம் ஊற்றி வளர்த்த கீரை இந்த வாசலைத் தாண்டாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பேச்சில்லை.

பொழுதுபட மகள் ஞானம் கதவு நிலையில் மோதினாள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய் என்று ஏசினேன்.

ஜூன் 8

இன்றைக்கும் மோதினாள். விளையாட்டா இது?

ஜூன் 10

படியால் விழுந்துவிட்டாள். நெற்றி வீங்கிப் போயிற்று. பகலெல்லாம் கோழிக்குஞ்சை விரட்டித் திரிகிற பிள்ளை, பொழுதுபட்டால் காலால் தடவித் தடவி நடக்கிறாள். பக்கத்தில் நிற்கிறேன், "அம்மா எங்கை?" என்கிறாள். மூன்று வயது. ஐயோ, இத்தனை நாளும் ஏசினேனே. இனி எழுத ஏலாது.

ஜூன் 11

ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கிற டிரெசர் தம்பிராஜா எங்கள் ஊர்ப் பக்கம்தான். கண் மடலை இழுத்துப் பார்த்துவிட்டு மாலைக்கண் என்றார். டின்பாலிலும் வெள்ளை அரிசியிலும் கண்ணுக்கு வேண்டிய சத்து இல்லையாம். மீனெண்ணெய் கொடுக்கச் சொன்னார். இவர், நாங்கள் பரம்பரைச் சைவம், அந்தக் கதையே வேண்டாம் என்றார். எனக்கென்றால் கொடுத்துவிடலாம் போலிருந்தது. கடவுள் கண் தெரியாதவரா? அப்படியென்றால் பச்சை இலையும் பப்பாசிப்பழமும் தினமும் கொடுங்கள் என்றார் டிரெசர். இவர் சரியென்று தலையை ஆட்டினார். புறப்படும்போது டிரெசர் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்:

"அக்கா, கருமணியிலை வெள்ளை விழுந்திட்டால் பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது."

ஜூன் 15

பச்சை வந்துவிட்டது! டின் பட்டாணி. சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம், டின்னில் அடைத்தால் கிருமி இல்லையாம். மேசையில் அடுக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், வரம் வாங்கி வந்தவர் மாதிரி. ஞானம் ஒரு வாய் வைத்துத் துப்பினாள். இதற்காக லீவு போட்டு ஜொகூர் பாருவரை போய் வந்திருக்கிறார். பிள்ளையில் உயிர். உயிரை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தால் நான் எந்தச் சுவரில் முட்டுவது?

ஜூன் 18, வியாழன்

போனேன்.

இவர் கந்தோருக்குப் போனதும் கீழ் வீட்டு அங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் புருஷன் ரோட்டு வேலை செய்கிறவன். என் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்து, "அதக் கழட்டுங்கக்கா, சேத்துல மாட்டிக்கும்" என்றாள். வெறுங்காலோடு போனேன். எத்தனை இலை, எத்தனை பச்சை! பாயில் பலாக்கொட்டை, அன்னாசி, மூக்கைத் துளைக்கிற டுரியான். எனக்கு மலாய் வராது. விரலை நீட்டி நீட்டி வாங்கினேன். வற்றாளைக் கீரை இரண்டு கட்டு, கை பட்டால் நசியும் பப்பாசி ஒன்று.

உப்புத் தண்ணீரில் அலசி அலசி, தேங்காய்ப்பாலும் பருப்பும் சேர்த்துக் கடைந்தேன். ஞானம் புட்டோடு குழைத்து வாயெல்லாம் அப்பிக்கொண்டு தின்றாள். நானும் சட்டியை வழித்துத் தின்றேன், வெட்கமில்லாமல். பிறகு சட்டியைக் கழுவி, பழத்தோலை வாழையடியில் தாட்டேன். இவர் வரும்போது வற்றல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 25, வியாழன்

மறுபடியும் போய் வந்தேன். கீரையை அங்கம்மா வீட்டில் தண்ணீரில் நிறுத்தி வைத்து நாளுக்குக் கொஞ்சம் எடுக்கிறேன். பொய்யும் பழகிவிட்டது. பொழுதுபட விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கிறேன். என் கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். கண் தேறி வருமா, வராதா? இவர் சொன்னது சரியாய்ப் போய் வயிற்றோட்டம் வந்தால்? கண்ணும் உயிரும் இரண்டும் போய்விட்டால்?

ஜூன் 29

பிடிபட்டுவிட்டேன். தலையிடி என்று இவர் நேரத்தோடு வந்தார். ஞானத்தின் வாயில் கீரை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வளவில் கவிழ்த்தார். திரும்பி வந்து நிலத்தில் இருந்துவிட்டார். சபாபதிக்கு அந்தக் கீரையைத் தான்தான் பீங்கானில் போட்டுக் கொடுத்ததாம், தன் கையால். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் சொல்கிறார்.

பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"உங்கடை தம்பியை ஆராலும் திருப்பித் தரேலாது. இவளின்ரை கண் போனால் நீங்கள் திருப்பித் தருவியளோ?"

எழும்பிப் போய்விட்டார்.

ஜூன் 30

பிள்ளைக்குப் பட்டாணி.

ஜூலை 2, வியாழன்

கந்தோருக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்றார். சந்தைக்குப் போகவில்லையா என்று கேட்டார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவரே சொன்னார்:

"வாங்கி வாரும். முதல் நான் சாப்பிடுறன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லையெண்டால் பிறகு பிள்ளைக்குக் குடும்."

மத்தியானம் வந்தார். கை கால் கழுவி, திருநீறு பூசி, பீங்கானுக்கு முன்னால் இருந்தார். தனக்கு ஏதும் ஆனால் ஊரிலிருக்கும் தன் அண்ணருக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்தேன், மனிதர் பகிடி விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை விழுங்கினார். பிறகு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

ஜூலை 4

வயிற்றைத் தடவிக்கொண்டு திரிகிறார். ஏப்பம் வந்தாலும் பயம். எனக்கோ பிள்ளைக்குக் கொடுக்காமல் போகிற ஒவ்வொரு வேளையும் நெருப்பில் நிற்கிற மாதிரி.

ஜூலை 5

ஒன்றும் இல்லையாம். கொடுக்கலாமாம். முதல் கவளம் தானே ஊட்டினார்.

ஜூலை 16, வியாழன்

இன்றைக்குக் கந்தோருக்குப் போகுமுன் இவரே கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்தார், கோட்டோடு. அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஞானத்திடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. நேற்றும் தூணில் மோதினாள். கீரை தின்று என்ன கண்டோம் என்று மனம் கிடந்து அலைகிறது. இவர் அப்படிக் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஜூலை 31

மழை வரப்போகிற இருட்டு. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. இவர் கந்தோரால் வந்தவர் வீட்டுக்குள் வராமல் கிணற்றடியிலேயே இருந்துவிட்டார். ஞானம் உள்ளேயிருந்து வந்து படியில் நின்றாள். கூப்பிடப் போனவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பார்ப்போம் என்று நின்றேன். அவரும் அசையவில்லை.

இறங்கினாள். சுவரைப் பிடிக்கவில்லை, காலால் தடவவில்லை. முற்றத்தில் கிடந்த வாளியைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய் அவருக்கு முன்னால் நின்றாள். குசினி வாசலிலிருந்த எனக்கு அந்த மங்கலில் அவருடைய வெள்ளைக் கோட்டு மட்டும்தான் தெரிந்தது.

என் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பா அழுறார்" என்றாள்.