மிர்சினி எழுதிய கனவுகள்

பிலோமாரி, லெஸ்வோஸ் தீவு
1946 நவம்பர் 9

என் செல்ல மகள் மிர்சினிக்கு,

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். எனக்கு முழங்கால் வலி. மற்றபடி சுகம். இந்த வருடம் ஒலிவம் நன்றாகக் காய்த்திருக்கிறது, பொறுக்கத்தான் ஆளில்லை.

வரும் ஜனவரியோடு என் பிள்ளை இக்னாதிஸ் போரில் போய் ஆறு வருடம். அல்பேனிய மலையில் அவனை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. மற்ற தாய்மார்கள் நம் வழக்கப்படி சில வருடம் கழித்துக் குழியிலிருந்து பிள்ளையின் எலும்பையாவது எடுத்து மதுவில் கழுவிப் பெட்டியில் வைக்கிறார்கள். எனக்கு அதுவும் இல்லை. கனவிலாவது வருவான் என்று பார்த்தால் ஒரு தடவைகூட வரவில்லை. பக்கத்து வீட்டு ரலூவின் மாமியார் செத்து இருபது வருடம். இன்னும் வாரம் தவறாமல் கனவில் வந்து திட்டிவிட்டுப் போகிறாளாம்.

நீ அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள், எனக்கு மருமகளாக வரவேண்டியவள். உன் கனவில் வருகிறானா? வந்தால் என்ன உடுத்தியிருந்தான், என்ன சொன்னான், ஒன்று விடாமல் எழுது. எனக்குப் பொறாமையில்லை. கொஞ்சம் உண்டு.

உன் அம்மா,
அமெர்சூதா

*

பிரேயஸ்
1946 டிசம்பர் 1

அன்புள்ள அம்மாவுக்கு,

வருகிறார் அம்மா. போன வாரம் தையற்கடைக்குள்ளேயே வந்துவிட்டார், கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு. பட்டாளத்திலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாரே, ‘வரி அதிகாரி’ என்று பெயர் வைத்ததாக, அதே கழுதை. குண்டு விழுந்த அன்று அவரும் கழுதையுமாகச் சுமந்து போன ரொட்டி மூட்டை அப்படியே முதுகில் இருந்தது. அவர் தோளிலிருந்து மாவு உதிர்ந்துகொண்டே இருந்தது. தரையெல்லாம் வெள்ளை. "மிர்சினி, மலையில குளிரு தாங்கல. இவனுக்கு ஒரு சட்டை தைச்சுக் குடேன்" என்றார். நானும் சிரிக்காமல் அளவெடுத்தேன். கழுத்து, வயிறு, கால். முடிப்பதற்குள் விழித்துவிட்டேன்.

நான் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியிருப்பதால், உடை தைக்க வரும் கல்யாணப் பெண்கள் முகம் சுளிக்கிறார்களாம். கடைக்காரம்மா என்னைப் பின்கட்டில் உட்கார வைத்திருக்கிறாள். அங்கே நல்ல வெயில் வருகிறது, கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகள்,
மிர்சினி

*

பிரேயஸ்
1947 பிப்ரவரி 16

அன்புள்ள அம்மாவுக்கு,

மறுபடி வந்தார். நம் ஊர்க் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் படகு வலித்தார். துடுப்பு தண்ணீரில் பட்டும் சத்தமே இல்லை. "ஏறு, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்று சிரித்தார். கரை எங்கே போனதென்றே தெரியவில்லை. பயமாகவும் இல்லை.

வேறு செய்தி ஒன்றுமில்லை.

மிர்சினி

*

பிலோமாரி
1947 மார்ச் 2

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழகாகத் துடுப்பு வலித்தானா? சந்தோஷம்.

ரலூவின் அண்ணன் மகன் பிரேயஸிலிருந்து வந்திருந்தான். உன்னை ஒரு ரொட்டிக்கடை வாசலில் பார்த்தானாம். நீ சிரித்துக்கொண்டிருந்தாயாம். யாரோடு என்று நான் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

பிரேயஸ்
1947 ஏப்ரல் 20

அம்மா,

இதை எழுதக் கை வரவில்லை. ஐந்து தாள் கிழித்துவிட்டேன்.

கழுதையோடு வந்தது நிஜக் கனவு. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. படகுக் கனவை நான்தான் உட்கார்ந்து யோசித்து எழுதினேன். நீங்கள் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருப்பீர்களே என்று எழுதினேன். அது பாதி உண்மைதான். அவர் என்னிடம் வருவது நின்றுபோனதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று நான் சிரித்துப் பேசியது அந்த ரொட்டிக்கடைக்காரரோடுதான், பெயர் அரிஸ்டீதிஸ். பஞ்ச காலத்தில் மனைவியை இழந்தவர். ஜூன் மாதம் கோயிலில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

என்னை மன்னியுங்கள்.

மிர்சினி

*

பிலோமாரி
1947 மே 4

என் மகள் மிர்சினிக்கு,

படகுக் கனவு பொய்யென்று படித்தபோதே எனக்குத் தெரியும். இக்னாதிஸின் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது அவனுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவன் படகில் கால் வைத்ததே இல்லை. மீன்பிடிக் கூட்டத்துக்குள் இருந்துகொண்டு ஒலிவ மூட்டை சுமக்கப் போனது அதனால்தான். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். உன் முன்னால் வீரனாக இருக்க அவ்வளவு ஆசை அவனுக்கு.

அவன் பட்டாளத்துக்குப் போன அன்று உன் அப்பா உன்னைத் துறைமுகத்துக்கு அனுப்பவில்லை. அதனால் நீ பார்க்காததை நான் சொல்கிறேன். கப்பல் படிக்கட்டைக் கண்டதும் கல்லாக நின்றுவிட்டான். பின்னால் நின்ற பையன்கள் கேலி பேசினார்கள். என் காதருகே குனிந்து, "நான் கண்ணை மூடிக்கிறேன். நீ படிய எண்ணு, நான் ஏறிக்கிறேன்" என்றான். நான் கரையிலிருந்து உரக்க எண்ணினேன். பதினான்கு படி. கடைசிவரை அவன் கண்ணைத் திறக்கவில்லை. மேலே போய்த் தட்டித்தடவிக் கம்பியைப் பிடித்த பிறகு, தண்ணீரைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தான். போருக்குப் பயப்படவில்லை மகளே, என் பிள்ளை. தண்ணீருக்குப் பயந்தான். பயந்துகொண்டேதான் போனான்.

இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் எனக்கென்று வைத்திருந்தேன். உன்னையும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவனைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் தப்பு.

ரொட்டிக்கடைக்காரருக்குச் சரியென்று சொல். என்னால் அவ்வளவு தூரம் வர முடியாது. நல்ல ஒலிவ எண்ணெயாக ஒரு தகர டப்பா அனுப்புகிறேன்.

உனக்கு ஆண்பிள்ளை பிறந்தால் இக்னாதிஸ் என்று பெயர் வைக்க நினைப்பாய். வேண்டாம் மகளே. தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், நான் இன்னும் வாசலைத்தான் பார்க்கிறேன்.

அம்மா