உள்ளறைக் கதவு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மசுதாவில் நம் வீட்டுக் கூரை மூடப் பனி. நீங்கள் செண்டாயில் அவளோடு குடியேறியது தெரிந்ததும் பெட்டி கட்டினேன்.

உங்கள் அம்மா தடுக்கவில்லை. வீட்டின் நடுவே இருக்கும், வீட்டு உரிமைக்காரர்கள் மட்டும் நுழையும் களஞ்சிய அறையைத் திறந்தார். இத்தனை வருடம் மருமகளாக இருந்தும் நான் அதன் வாசலோடு நின்றவள்.

"நான் கிளம்புறேன் அத்தை."

"உள்ள வாம்மா. நீ போயிட்டா நம்ம மிசோ விழுதுக் கடைய யாரு பாக்குறது? இனிமே இந்த வீட்டுப் பிள்ள நீதான். அவன் வந்தா வெளியவே நின்னு பேசிட்டுப் போகட்டும்."

பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

அதன்பின் அவர் உங்கள் பெயரைச் சொன்னதே இல்லை. ஆனால் முன்கதவு அசைந்தால் முதலில் எழுந்து ஓடுவது அவர்தான். திரும்பி வந்து, "காத்துதான்" என்பார்.

"ஆமா அத்தை" என்பேன். நானும் பாதி எழுந்திருப்பேன்.

இப்படிக்கு,
கடையில் இருப்பவள்