ஆசந்திரார்க்கத்துக்கு வந்த நோட்டீஸ்

ஆரணி,
14-7-1979

அன்புள்ள தம்பி பலராமனுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி விருத்தாம்பாளும் சுகம். உன் சுகத்தை உன் வக்கீல் மூலம் அறிந்துகொண்டேன்.

நீ பம்பாய்க்குப் போய் நான்கு வருஷம். பதிவுத் தபால் என்றதும் உன் அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்தாள். உன் பெண்ணுக்கு வரன் அமைந்த சேதி என்று நினைத்தாளாம். பிரித்தால், 'மேற்படி சின்னப்பையன் என்பவர்' என்று இருக்கிறது. ஐம்பது வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் இந்த மேற்படி.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் அறுபது அடிச் சந்து, அதை அடைத்து, வாடகைக்கு அறை கட்டப் போகிறாயாம். அங்கே நான் தறிக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டிப் பாவு நீட்டிக்கொள்ள ஆசந்திரார்க்கம் உரிமை உண்டு என்று பாகப் பத்திரம் சொல்கிறதே, அது 'வழக்கொழிந்த, கால அளவு இல்லாத, பொருளற்ற சொல்'லாம். ஆகவே உரிமையும் இல்லையாம்.

பொருளற்ற சொல்லா? சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். அந்தக் காலத்து ராஜாக்கள் கோயில் விளக்கு நெய்க்கு ஆடு விட்டதும் இந்தக் கணக்கில்தான். ராஜா இல்லை, ஆடு இல்லை, விளக்கும் இல்லை. கல்லில் சொல் மட்டும் நிற்கிறது. நான் எழுதும் கல்யாண வாழ்த்து மடல்களில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு ஜோடியையும் மேடையிலிருந்து இறக்கியதில்லை. பெரணமல்லூர் ஜோடி ஆறே மாதத்தில் பிரிந்தது உண்மைதான். அதற்குச் சந்திரன் என்ன செய்வான்? மாப்பிள்ளை சரியில்லை.

பத்திரம் எழுதிய ஜெயவேலிடம் கோபத்தோடு போனேன். மீசைக்கு மை தடவி, கண்ணாடி முன் காயவைத்துக்கொண்டிருந்தான். மை கலையாமல் பேசினான்: "முப்பது வருஷம்னு போடலாம்னு நான் அப்பவே சொன்னேன் நைனா. நீங்கதான் இந்த வார்த்தைதான் வேணும்னு என்ன நிக்கவெச்சுகினு அடம்புடிச்சீங்க."

அதுவும் உண்மை. அண்ணன் தம்பிக்குள் வருஷம் எதற்கு என்று அவனை அதட்டிய மேதாவி நான்தான். நீ பக்கத்தில்தான் நின்றாய். அர்த்தம் கேட்டாய், சொன்னேன், அவ்வளவு காலமா என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாய். பொருள் தெரியாதவர் உன் வக்கீல், நீ இல்லை.

சரி, சந்து வேண்டாம் என்று போன வாரம் தெருவில் பாவு நீட்டிப் பார்த்தேன். முன்போல் இல்லை தெரு. ஒரே லாரி, ஸ்கூட்டர். பால்காரன் எருமை ஒன்று பயந்து நடுவில் புகுந்துவிட்டது. அறுந்த பட்டிழைகளை நானும் உன் அண்ணியும் இரண்டு நாள் முடிச்சுப் போட்டோம். சந்து போனால் தறியைக் கழற்ற வேண்டியதுதான். வாழ்த்து மடல் எழுதி வயிறு நிறையாது, பாயசம்தான் கிடைக்கும்.

என்னையும் ஒரு வக்கீல் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கப் போவதில்லை. நீ நேரில் வா. சந்தில் நின்று, அண்ணா இது எனக்கு வேண்டும் என்று உன் வாயால் கேள். உன்னிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அது தெரிந்துதான், கேட்க முகமில்லாமல் வக்கீலை அனுப்பியிருக்கிறாய் என்கிறாள் உன் அண்ணி. அப்படி என்னப்பா கஷ்டம் உனக்கு? அதை மட்டும் நோட்டீஸில் எழுதவில்லையே அந்த மனுஷர்.

ரயில் ஏறும் முன் ஒரு கார்டு போடு. காட்பாடிக்கே வந்து நிற்கிறேன்.

கற்பகத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. எல்லோரும் நன்றாக இருங்கள். எத்தனை காலம் என்று நான் எழுதினால் உன் வக்கீல் ஆட்சேபிப்பார், நீயே போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
மேற்படி சின்னப்பையன்