எதிர்வீட்டுக் கஞ்சியும் ஆறரை மதிப்பெண்ணும்

பிப். 23, திங்கள்

கா. 5.30. பனி. எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கி ஒன்றுகூடத் தெரியவில்லை. கண்டெய்னர் யார்டில் முதல் லாரியே பேஜார். பெட்டியில் ஒரு சீல் நம்பர், காகிதத்தில் வேறு. டிரைவர் சிரித்தான். சிரிக்கிற டிரைவரை நம்பக் கூடாது. திருப்பி அனுப்பினேன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. கண்டெய்னர் சீலை இழுத்துப் பார்ப்பது, எடையைச் சரிபார்ப்பது, கதவில் நசுங்கல் இருந்தால் படம் எடுப்பது, யார் எது சொன்னாலும் நம்பாமலிருப்பது.

மாலை ராயபுரம், இங்கிலீஷ் வகுப்பு. ஸ்பீக்கிங் டெஸ்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மூன்றாவது தடவை. முதலில் 6, அடுத்து 5.5. நியூசிலாந்து துறைமுக வேலைக்கு 6.5 வேண்டும். மார்ச் முடிவதற்குள் காட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. மெயிலில் ரொம்ப மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது.

இன்றைய தலைப்பு: பண்டிகையும் பகிர்தலும். பியூலா மிஸ் எல்லோருக்கும் ஒரே பதிலை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். பொங்கல், சொந்த ஊர், வயல், கரும்பை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு போட்டோம். ஒன்பது பேரும் அதையே நெட்டுரு. எனக்கு ஏது ஊர்? பிறந்தது தண்டையார்பேட்டை. அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வேயில் கலாசி. போன தடவையும் இப்படித்தான் ஒப்பித்தேன். நடுவில் ஒரு கேள்வி கேட்டார்கள், அத்தோடு 5.5.

பிப். 25, புதன்

வெயில். முடி வெட்ட வேண்டும். பைக் பிரேக்.

மா. 6.10. எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா நோன்புக் கஞ்சி அனுப்பினார். ஆறு வருடமாக, ரம்ஜான் மாதம் முழுக்க, தினமும் ஒரு எவர்சில்வர் தூக்கு. தூக்கைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று என் மனைவி எழில் அதில் பழமோ சர்க்கரையோ வைத்து அனுப்புவாள். கஞ்சியைக் குடிப்பது அவளும் மகளும். நான் தொட்டதில்லை. என் கண்ணெதிரே மூடாத எதையும் வாயில் வைப்பதில்லை, யார்டுப் புத்தி. இது அக்காவுக்குத் தெரியாது. வாசலில் பார்த்தால் "சூப்பர்க்கா" என்று சொல்லிவிடுவேன்.

தவிர, தினமும் எதற்கு? போன வருடம் ரம்ஜான் முடிந்த மறு வாரமே பைக்கைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். கஞ்சிக்கும் பைக்குக்கும் கணக்குச் சரியாக வருகிறது.

எழிலிடம் ஜெராக்ஸைக் காட்டினேன். படித்துவிட்டுத் தூக்கிப் போட்டாள்.

"இன்னாத்துக்கு இல்லாத வூரு, கரும்புனு கத வுட்ற? எதிர்வூட்லருந்து தெனம் கஞ்சி வந்துகினு கீது. அத்த சொல்லு."

யோசித்தால் சரிதான். இந்தக் கதை வேறு யாரிடமும் இருக்காது.

பிப். 28, சனி

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "ரொம்ப நேச்சுரலா இருக்கு தயாளன்" என்றார் மிஸ். கூடவே நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். எதற்கு எழுத வேண்டும்? கேட்டால், "உங்க கிராமர் மிஸ்டேக்ஸ்" என்கிறார். எட்டிப் பார்த்தேன். நோட்டை மூடிவிட்டார். மனசே சரியில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சந்தேகப்பட்டது சரி. வகுப்பில் காசிமேடு ஸ்டீபன் எழுந்து, தன் எதிர்வீட்டு அக்கா தினமும் நோன்புக் கஞ்சி அனுப்புவார் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். அவன் எதிர்வீடு ஐஸ் கம்பெனி, நானே பார்த்திருக்கிறேன். அவனுக்கும் டெஸ்ட் ஏழாம் தேதிதான், அதே இடம், எனக்கு ஒரு மணி நேரம் முன்னால். ஒரே கஞ்சியை இரண்டு பேர் சொன்னால் நெட்டுரு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"மாமு, மிஸ்ஸு குட்த்தாங்க. உன்னுதா அது? சத்தியமா தெரியாது" என்றான்.

மிஸ்ஸுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "நல்ல பாயிண்ட் நாலு பேருக்கு யூஸ் ஆகட்டுமே. டாபிக்கே ஷேரிங்தானே தயாளன்."

கோபத்தில் பஸ் ஏறாமல் வீடு வரை நடந்தேன். ஒரு முடிவு. ஸ்டீபனிடம் இல்லாத விவரம் என்னிடம் வேண்டும்.

மார்ச் 4, புதன்

புழுக்கம். வேலை முடிந்து நேராக அக்கா வீடு. ஆறு வருடத்தில் முதல் முறை அந்த வாசல்படியைத் தாண்டினேன். குறித்துக்கொண்டது: பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, இஞ்சி பூண்டு, புதினா, இறக்கும்போது தேங்காய்ப்பால்.

"இன்னா தம்பி, கட போடப் போறியா?"

"டெஸ்டுல கேப்பாங்கக்கா."

எழுதும்போது திடீரென்று ஒரு நினைப்பு. பொங்கலன்று நாம் அனுப்பும் சர்க்கரைப் பொங்கலை இவர்கள் மட்டும் சாப்பிடுகிறார்கள் என்று என்ன நிச்சயம்? நேராகக் கேட்டுவிட்டேன்.

"அத்த ஏன் கேக்குற? சக்கரப் பொங்கல்ல முந்திரி வாரிப் போட்டுகீது உன் பொண்டாட்டி, நெய்யத்தான் காணோம். எழிலாண்ட சொல்லி வெக்காத."

எழிலே சொல்லிக் கொடுத்திருப்பாளோ? வாய்ப்பில்லை. தன் பொங்கலில் குறை உண்டென்று எழிலுக்கு இன்றுவரை தெரியாது. ஆக, சாப்பிட்டிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஏன் என்று யோசிக்காமல் பட்டியலை மனப்பாடம் செய்தேன்.

மார்ச் 7, சனி

கா. 8. மேகமூட்டம். கொண்டுபோனவை: பாஸ்போர்ட், அதன் ஜெராக்ஸ், லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில்.

ஸ்டீபன் முடித்துவிட்டு வெளியே வந்தான். "கஞ்சியே வர்ல மாமு. டிராஃபிக் பத்திக் கேட்டாங்க." நம்பவில்லை.

உள்ளே ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவில்லை, அதனால் பிடித்தது. கேள்விக் கார்டில் அதேதான்: பண்டிகை நாளில் ஒருவர் உங்களோடு பகிர்ந்துகொண்ட உணவு. கடகடவென்று பேசினேன். நொய், வெந்தயம், தேங்காய்ப்பால், தூக்கு, அதில் வைக்கும் பழம், ஒன்றும் விடவில்லை. அந்த அம்மா கேட்டார்: ருசி எப்படி இருக்கும்?

நன்றாக இருக்கும் என்றேன்.

எந்த விதத்தில்?

காரமா, குழைவா, இனிப்பா? தெரியாது. புளுகியிருக்கலாம், ஆனால் புளுகுகிற அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. நான் சாப்பிட்டதே இல்லை மேடம் என்றேன். ஏன் என்றார். யாரையும் நம்பாமலிருப்பதுதான் என் வேலை என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சீல், சிரிக்கிற டிரைவர், பைக், அக்கா சாப்பிட்ட பொங்கல், ஆறு வருடமாகச் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினேன். இலக்கணம் எங்கே போனதோ. எழிலிடமே சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் அவர் பாஷையில். நேரம் முடிந்தது என்றார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலை போயிற்று என்றே நினைக்கிறேன். எழிலிடம் "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

வெயில் ஏறிவிட்டது. பெட்டி மேல் கை வைக்க முடியவில்லை.

மதியம் மெசேஜ். 6.5. வெப்சைட்டை மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், எல்லாம் என்னுடையது. தப்பாகப் போட்டுவிட்டார்களோ? இரக்கப்பட்டார்களோ? எழில் போனில் அழுதாள். நானும் லாரி மறைவில் போய் நின்றேன்.

வீட்டுக்குப் போகுமுன் அக்கா வீடு. பாஸ் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்கா, உங்க கஞ்சிய நான் ஒரு நாளும் குடிச்சதில்ல. பொய் சொன்னேன்" என்றேன்.

அக்கா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி. மொத வருசமே ஒரு நாளு அடி புடிச்சி தீஞ்சி பூட்ச்சி. எங்க வூட்ல ஒருத்தரும் வாய்ல வெக்கல. எனக்குத் தெரியாம உங்களுக்குக் குட்த்தனுப்பிட்டாங்க பசங்க. மறாநாளு நீ வந்து சூப்பர்க்கான்ன. அன்னிலருந்து ரெண்டு பேருக்குத்தான் ஊத்தி வுட்டுகினு கீறேன். நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை. ஊர் சரக்கையெல்லாம் எடை பார்க்கிறவன், என் வீட்டுக்கு வந்த தூக்கைப் பார்க்கவில்லை.

"எப்ப கெளம்புற?"

"மே மாசம்."

"அப்ப இந்த நோம்பு இன்னும் மிச்சம் கீது" என்றார்.

மா. 6.12. தூக்கு வந்தது. வாங்கும்போதே கனத்தில் கை தாழ்ந்தது. எழில் என்னைப் பார்த்துவிட்டு மூன்று டம்ளர் எடுத்து வைத்தாள்.